நான்கில் ஒன்று: வேதியியல் கொள்குறி வினாக்களை அணுகும் முறை



"பாடமெல்லாம் தெரியும் என்கிறாள். கேட்டால் கடகடவென்று சொல்லவும் செய்கிறாள். ஆனால் மாதிரித் தேர்வு வைத்தால் மார்க் வருவதில்லை. என்ன காரணம்?" நமது அலுவலகத்துக்கு வரும் பெற்றோர்கள் பலர் இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு விதத்தில் கேட்டுவிடுகிறார்கள். நமது மாலை நேரப் படிப்பு வட்டத்துப் பிள்ளைகளின் வினாத்தாள்களை வாங்கிப் பார்த்தால் காரணம் ஓரளவு புரிகிறது. தெரியாத கேள்வியில் போகும் மதிப்பெண்ணோடு, தெரிந்த கேள்வியில் போகும் மதிப்பெண்ணும் கணிசமாக இருக்கிறது. வேதியியலில் இது கூடுதல். அதனால் இந்த இதழில் வேதியியல் கொள்குறி வினாக்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் வேதியியல் என்றால் பக்கம் பக்கமாக எழுதுவதுதான். விடையில் பாதி சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் கிடைக்கும். திருத்துகிற ஆசிரியர் நம் கையெழுத்தைப் பார்த்து இரக்கப்படவும் கூடும். இயந்திரம் திருத்தும் தாளில் அந்த வாய்ப்பு கிடையாது. நான்கு வட்டங்களில் ஒன்று கறுத்திருக்கிறதா, அது சரியான வட்டமா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் எழுதுவது இரண்டு விதமான தேர்வு. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் வேதியியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. அதில் 15 மதிப்பெண் கொள்குறி வினாக்களுக்கு. இங்கே தவறான விடைக்குக் கழிப்பது இல்லை. ஆகவே ஒரு கேள்வியைக்கூட வெற்றாக விட்டு வரக் கூடாது. ஆனால் விடைக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே இருக்கும். அவசரத்தில் குறியீட்டை (இ) என்று போட்டு, பக்கத்தில் (ஆ) விடையை எழுதுகிறார்கள். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் மதிப்பெண் போய்விடும். ஒரு மதிப்பெண்தானே என்று நினைக்க வேண்டாம். பொறியியல் சேர்க்கைக்கான 200 மதிப்பெண் கட்ஆஃப் கணக்கில் வேதியியலின் 100 மதிப்பெண் 50 ஆகச் சுருக்கப்படுகிறது. ஒரு மதிப்பெண் அங்கே அரை மதிப்பெண். அரை மதிப்பெண்ணில் விரும்பிய கல்லூரி கைநழுவிப் போன பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

நீட் தேர்வு வேறு வகை. 2025 இல் விருப்பக் கேள்விகளை நீக்கிவிட்டு, 180 கேள்வி, 180 நிமிடம் என்று பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். 200 கேள்வி என்று போட்டிருக்கும் பழைய கைடுகளை நம்பிப் பயிற்சி எடுக்க வேண்டாம். வேதியியலில் 45 கேள்விகள், 180 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு ஒன்று கழிவு, விடாமல் விட்டதற்கும் குறித்ததற்கும் இடையில் எதுவும் இல்லை, விட்டால் பூஜ்யம். சரியாகச் செய்ய வேண்டிய ஒரு கேள்வியைத் தவறாகச் செய்தால் வித்தியாசம் 5 மதிப்பெண். தெரிந்த நான்கு கேள்விகளை அவசரத்தில் தவறவிட்டால் 20 மதிப்பெண் போகிறது. அந்த 20 மதிப்பெண்ணுக்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதுகிறார்கள். அந்த ஒரு வருடத்துக்குப் பயிற்சி மையத்துக் கட்டணம், விடுதிக் கட்டணம் என்று ஒரு குடும்பம் என்ன பாடுபடுகிறது என்பது உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படிக்கும் எங்களுக்குத் தெரியும்.

நம்மில் சிலர், தெரியாத கேள்வி வந்தால் பிஸ்மி சொல்லி ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு வா என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறோம். வேறு சிலர், கழிவு மதிப்பெண் இருக்கிறது, நிச்சயமாகத் தெரிந்தால் ஒழியத் தொடாதே என்கிறோம். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றுமே தெரியாமல் நான்கு கேள்விகளில் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். 4 வரும், 3 போகும். நான்கு கேள்விக்கு மிச்சம் ஒரே ஒரு மதிப்பெண். அதுவும் சராசரிக் கணக்குத்தான். நடப்பில் இழப்பாகவும் முடியலாம். ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று தெரிந்து அதை நீக்கிவிட்டால் நிலைமை மாறுகிறது. மூன்று கேள்விகளில் ஒன்று சரி, இரண்டு தவறு. 4 வரும், 2 போகும். இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் இரண்டு கேள்விக்கு 4 வந்து 1 போகும், மிச்சம் 3. ஆகவே என் கருத்து இது: இரண்டை நீக்க முடிந்தால் தயங்காமல் குறிக்கலாம். ஒன்றைத்தான் நீக்க முடிகிறது என்றால் கடைசியில் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம். எதையுமே நீக்க முடியாவிட்டால் அதை விட்டுவிட்டு அந்த நிமிடத்தை வேறு கேள்விக்குக் கொடுப்பதே லாபம்.

நீக்குவது எப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மத்ரஸாவில் ஃபராயிள் படித்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. சொத்தைப் பங்கிட உட்காரும்போது யாருக்கு எவ்வளவு என்று எடுத்த எடுப்பில் கணக்குப் போட மாட்டோம். இன்னார் இருப்பதால் இன்னாருக்குப் பங்கு இல்லை என்று நீக்க வேண்டியவர்களை முதலில் நீக்கிவிடுவோம். பிறகு கணக்கு சிறியதாகிவிடும்.

தவறான விடைகள் மூன்றும் சும்மா இட்டு நிரப்பியவை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நல்ல வினாத்தாளில் அப்படி இருக்காது. ஒவ்வொரு தவறான விடையும், மாணவர் எந்த இடத்தில் சறுக்குவார் என்று யோசித்து வைத்த விடை. ஓர் உதாரணம் பாருங்கள்.

4.4 கிராம் கார்பன் டைஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் அணுக்களின் எண்ணிக்கை யாது?
(அ) 6.022 × 10²²
(ஆ) 1.204 × 10²³
(இ) 1.807 × 10²³
(ஈ) 3.011 × 10²²

கார்பன் டைஆக்சைடின் மோலார் நிறை 44. ஆகவே 4.4 கிராம் என்பது 0.1 மோல். 0.1 மோலில் 6.022 × 10²² மூலக்கூறுகள். இந்த எண் கிடைத்த உடனே மேலே பார்க்கிறார்கள். (அ) என்று அதே எண் உட்கார்ந்திருக்கிறது. மகிழ்ச்சியோடு குறித்துவிடுகிறார்கள். கேட்டது மூலக்கூறுகளை அல்ல, ஆக்சிஜன் அணுக்களை. ஒரு மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். இரண்டால் பெருக்கினால் 1.204 × 10²³, விடை (ஆ). (இ) என்பது கார்பனையும் சேர்த்து மொத்த அணுக்களை எண்ணியவருக்கு வைத்தது. (ஈ) என்பது இரண்டால் பெருக்குவதற்குப் பதில் வகுத்தவருக்கு. கணக்கு முழுவதும் சரியாகப் போட்டு, கடைசிப் படிக்கு முன் நின்றவர்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்.

இதற்கு ஒரு சிறிய பழக்கம் போதும். கணக்கைத் தொடங்கும் முன் கேள்வியில் 'எதை' கேட்கிறார்கள் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட வேண்டும். இங்கே 'ஆக்சிஜன் அணுக்கள்'. வட்டத்தை நிரப்பும் முன் அந்தக் கோட்டை ஒரு தரம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், செய்வதில்லை.

அடுத்தது கணக்கே போடாமல் விடை காணக் கூடியது.

25 டிகிரி செல்சியஸில், 10⁻⁸ மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலின் பிஎச் மதிப்பு என்ன?
(அ) 8 (ஆ) 7 (இ) 6.98 (ஈ) 6

வாய்பாட்டை மனப்பாடம் செய்தவர் 8 என்று குறிப்பார். அமிலத்தின் பிஎச் எப்படி ஏழுக்கு மேல் போகும் என்று ஒரு நொடி யோசித்தால் (அ) அடிபட்டுவிடும். 7 என்பது சுத்தமான நீர். அதில் எவ்வளவு சொற்பமானாலும் அமிலம் விழுந்திருப்பதால் ஏழுக்குக் கொஞ்சமாவது கீழே வர வேண்டும், (ஆ) போயிற்று. 6 என்றால் சுத்தமான நீரில் இருப்பதைப் போல் பத்து மடங்கு ஹைட்ரஜன் அயனிகள் என்று பொருள். நீரில் இயல்பாகவே 10⁻⁷ இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள அமிலம் அதைப் பத்து மடங்கு ஆக்க முடியாது. (ஈ) யும் போயிற்று. மிஞ்சுவது 6.98.

கணக்காகவே போட விரும்புகிறவர்களுக்கு: அமிலம் தருவது 10⁻⁸, நீர் தருவது 10⁻⁷ என்று வெறுமனே கூட்டினால் 1.1 × 10⁻⁷ வந்து பிஎச் 6.96 ஆகும். அமிலம் சேர்ந்ததும் நீர் பிரிகையடைவது சற்றுக் குறைவதால் உண்மையான செறிவு 1.05 × 10⁻⁷, பிஎச் 6.98. தேர்வில் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது. ஆனால் இதைப் புரிந்துகொண்டு படித்த பிள்ளைக்கு அயனிச் சமநிலைப் பாடத்தில் பாதி பயம் போய்விடும். அதனால்தான் இந்த ஒரு கேள்விக்கு இவ்வளவு இடம் எடுத்துக்கொண்டேன்.

வேதிவினை வேகவியலிலிருந்து ஒன்று. முதல் வகை வினை ஒன்று 75 சதவீதம் நிறைவடைய 32 நிமிடங்கள் ஆகிறது. அதன் அரை வாழ் காலம் எவ்வளவு? விடைகள் 8, 16, 21.3, 24 நிமிடங்கள். மடக்கை, வாய்பாடு என்று இறங்கினால் இரண்டு நிமிடம் போகும். பாதி தீர ஓர் அரை வாழ் காலம். மிஞ்சிய பாதியில் பாதி தீர இன்னொன்று. அப்போது தீர்ந்தது முக்கால், அதாவது 75 சதவீதம். இரண்டு அரை வாழ் காலம் 32 என்றால் ஒன்று 16. சரி, 21.3 எங்கிருந்து வந்தது? 75 சதவீதத்துக்கு 32 என்றால் 50 சதவீதத்துக்கு எவ்வளவு என்று கடைக்கணக்குப் போட்டவருக்காக வந்தது. 24 என்பது 32 இல் முக்கால். 8 என்பது 32 இல் கால். மூன்றும் காத்திருக்கும் பள்ளங்கள்தாம். இதே வழியில், 99.9 சதவீதம் நிறைவடைய ஏறக்குறைய பத்து அரை வாழ் காலம் ஆகும் என்பதையும் நினைவில் வைக்கலாம்; இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024, கிட்டத்தட்ட ஆயிரம்.

நீட் தேர்வில் கணிப்பானுக்கு அனுமதி இல்லை. ஆகவே எண்களைத் தோராயமாக்கக் கற்றுக்கொள்வது கட்டாயம். நான்கு விடைகளும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருந்தால், 0.0821 ஐ 0.08 என்றும் 298 ஐ 300 என்றும் எடுத்துக்கொண்டு போகலாம். விடைகள் 6.96, 6.98 என்று நெருக்கமாக இருந்தால் அப்படிச் செய்யக் கூடாது. ஆகவே கணக்குக் கேள்வியில் முதலில் விடைகளைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கில் இறங்க வேண்டும். விடைகளில் அலகுகள் வேறு வேறாக இருக்கின்றனவா என்றும் கவனிக்கலாம். அலகைக் கொண்டே இரண்டு விடைகளை வெளியேற்றக் கூடிய கேள்விகள் அடிக்கடி வருகின்றன.

இனி, நம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். தமிழில் 'இல்லை', 'அல்ல', 'அற்றது', 'தவறானது' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும் சொற்கள். "பின்வருவனவற்றுள் பாரா காந்தத் தன்மை" என்று படிக்கும்போதே மாணவியின் கண் விடைகளுக்கு ஓடிவிடுகிறது. அங்கே முதல் விடை ஆக்சிஜன். பாரா காந்தத் தன்மைக்கு வகுப்பில் சொல்லும் முதல் உதாரணமே ஆக்சிஜன்தான், உடனே குறித்துவிடுகிறாள். வாக்கியம் "அற்றது எது?" என்று முடிந்திருக்கிறது. மற்ற விடைகள் நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன், நைட்ரஜன் டைஆக்சைடு. நைட்ரிக் ஆக்சைடில் மொத்த எலக்ட்ரான்கள் 15, நைட்ரஜன் டைஆக்சைடில் 23. ஒற்றைப்படை என்றாலே இணையாத எலக்ட்ரான் ஒன்றாவது இருக்கும்; இரண்டும் பாரா காந்தத் தன்மை உடையவை. ஆக்சிஜன் இரட்டைப்படையாக இருந்தும் இரண்டு இணையாத எலக்ட்ரான்கள் கொண்ட விதிவிலக்கு. மிஞ்சுவது நைட்ரஜன். கேள்வியின் கடைசிச் சொல்லை ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் விடைக்குப் போக வேண்டும் என்பதை இங்கே நாங்கள் சட்டமாகவே வைத்திருக்கிறோம்.

மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீட் தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே அச்சாகும். மொழிபெயர்ப்பில் வேறுபாடு இருந்தால் ஆங்கிலத்தில் உள்ளதே இறுதியானது என்பது விதி. 2018 ஆம் ஆண்டுத் தேர்வில் 49 கேள்விகளில் தமிழ் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குத் தொடரப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண்கள் வழங்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிலைக்க விடவில்லை. அதன் நியாய அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும். நம் பிள்ளைகள் செய்ய வேண்டியது என்ன என்று பார்ப்போம். ஒவ்வொரு பாடத்திலும் வரும் கலைச்சொற்களுக்கு ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதிப் பழக வேண்டும். ஒடுக்கம் என்றால் ரிடக்‌ஷன், இனக்கலப்பு என்றால் ஹைபிரிடைசேஷன், அணைவுச் சேர்மம் என்றால் கோஆர்டினேஷன் காம்பவுண்டு. பரப்புக் கவர்ச்சியும் உறிஞ்சுதலும் தமிழில் கேட்கவே வேறு வேறாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் அட்சார்ப்ஷன், அப்சார்ப்ஷன் என்று ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழ்வழியில் படித்தது இங்கே ஒரு வசதியாகக்கூட ஆகிவிடுகிறது. தமிழ் வாக்கியம் புரியாத இடத்தில் ஆங்கில வாக்கியத்தின் இரண்டு முக்கியச் சொற்களைப் பார்த்தாலே போதும். முழு ஆங்கிலமும் தெரிய வேண்டியதில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு. நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பலர் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளிகளில். அவர்களுக்கு அது கிடையாது. பிற்படுத்தப்பட்டோரில் முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. ஆனால் அதற்குள்ளும் போட்டி கடுமைதான்.

கூற்று, காரணம் வகைக் கேள்விகளில் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு வாக்கியங்களையும் தனித்தனியாக, ஒன்றை மறைத்துக்கொண்டு மற்றதை, சரியா தவறா என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டும் சரியென்றால் மட்டும் நடுவில் 'ஏனென்றால்' என்று போட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக, கூற்று: 60 டிகிரி செல்சியஸில் தூய நீரின் பிஎச் 7 ஐ விடக் குறைவு. காரணம்: அந்த வெப்பநிலையில் நீர் அமிலமாகிவிடுகிறது. சேர்த்துப் படித்தால் கதை பொருத்தமாகத்தான் தோன்றும். கூற்று சரி, வெப்பநிலை கூடும்போது நீர் கூடுதலாகப் பிரிகையடைகிறது, பிஎச் 6.5 அளவுக்கு இறங்குகிறது. காரணம் தவறு. ஹைட்ரஜன் அயனி எவ்வளவு கூடியதோ அதே அளவு ஹைட்ராக்சைடு அயனியும் கூடியிருக்கிறது. நீர் நடுநிலையில்தான் இருக்கிறது. 7 என்றால் நடுநிலை என்பது 25 டிகிரிக்கு உரிய பேச்சு.

பொருத்துக வகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கையும் பொருத்த முயல வேண்டாம். நிச்சயமாகத் தெரிந்த ஒரு ஜோடியைப் பிடியுங்கள். ஹேபர் முறைக்கு இரும்பு என்பது தெரியுமென்றால், அந்த ஜோடி இல்லாத விடைகளை அடித்துவிடுங்கள். தொடு முறைக்கு வனேடியம் பென்டாக்சைடு என்பதும் தெரிந்தால் பெரும்பாலும் விடை கைக்கு வந்துவிடும். கரிம வேதியியலில் பெயரைப் பார்த்து விடை சொல்லாமல் கட்டமைப்பை ஓரத்தில் வரைந்து பார்க்க வேண்டும். அயோடோஃபார்ம் சோதனைக்கு விடை தருவது மெத்தனாலா, எத்தனாலா, 1-புரப்பனாலா, பென்சைல் ஆல்கஹாலா என்றால், வரைந்தவருக்கு ஐந்து நொடி. ஹைட்ராக்சில் உள்ள கார்பனை ஒட்டி ஒரு மெத்தில் தொகுதி இருப்பது எத்தனாலில் மட்டும்தான்.

பாடத்திட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2024 தேர்வு முதல் நீட் வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல், பலபடிகள் முதலான பாடங்கள் நீக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் சில நம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. பொதுத் தேர்வுக்குப் படித்தே ஆக வேண்டும். நீட் பயிற்சிக்குப் பழைய வினாத்தாள்களை எடுக்கும்போது அந்தக் கேள்விகளைக் கோடு போட்டு நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் வராத கேள்விக்கு நேரம் செலவாவதோடு, மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து வீணாக மனம் உடைந்து போவார்கள்.

ஓஎம்ஆர் தாளில் நிரப்பியதை அழிக்க முடியாது. எல்லாக் கேள்விகளையும் முடித்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமாக நிரப்பலாம் என்று சில இடங்களில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்போது வரிசை ஒன்று தள்ளிப் போனால், அதற்குப் பிறகு குறித்தது எல்லாமே வேறு கேள்விக்கான விடையாகிவிடும். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கு உரியதை நிரப்பிவிட்டு, கேள்வி எண்ணையும் வட்டத்தின் எண்ணையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது. வேதியியலின் 45 கேள்விக்கு 45 முதல் 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் சுற்றில் பார்த்ததும் தெரிபவை, இரண்டாம் சுற்றில் கணக்குகள். ஒரு கேள்வி இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் பிடிவாதம் வேண்டாம். அதே 4 மதிப்பெண் அடுத்த பக்கத்தில் முப்பது நொடியில் கிடைக்கக் கூடும்.

இப்போது வீட்டில் உள்ளவர்களுக்கு. மாதிரித் தேர்வு முடிந்து பிள்ளை வந்ததும் "எவ்வளவு?" என்று கேட்கிறோம். எண்ணைச் சொல்லிவிட்டு அது அறைக்குள் போய்விடுகிறது. அதற்குப் பதில் தவறிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, கணக்கில் பிழையா என்று ஒரு சொல். ஒரு மாதத்தில் அந்த நோட்டே சொல்லிவிடும். பாடம் தெரியவில்லை என்பது அதிகமானால் மறுபடி புத்தகத்துக்குப் போக வேண்டும். படிக்கவில்லை என்பது அதிகமானால் கூடுதல் டியூஷன் எதையும் தீர்க்காது. கோடு போடும் பழக்கம்தான் தீர்க்கும். இது தெரியாமல் இன்னொரு டியூஷனில் கொண்டு சேர்க்கிற வாப்பாக்கள் உண்டு.

இன்னொன்று, வேதியியல் தெரியாத உம்மாவும் செய்யக் கூடியது. மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கால் மணி நேரம் போதும். விடைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து கேள்விகளை எடுங்கள். சரியான விடை எது என்று கேட்காதீர்கள். "(அ) ஏன் தவறு? (இ) யாருக்காக வைத்தது?" என்று கேளுங்கள். பிள்ளை விளக்கும். விளக்கம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பது அவசியமில்லை. தடங்காமல் சொல்கிறதா, தடுமாறுகிறதா என்பது உங்களுக்கே தெரியும். தடுமாறும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது அந்தப் புள்ளிகளைத்தான். எங்கள் வட்டத்தில் மூத்த மாணவிகள் இளையவர்களிடம் இப்படிக் கேட்டுப் பழகுகிறார்கள். கேட்கிறவருக்கும் பாடம் மனதில் நிற்கிறது.

தேர்வு நாளைப் பற்றி இரண்டு வார்த்தை. நீட் தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை. வாயிற்கதவு அரை மணி நேரம் முன்பே மூடப்பட்டுவிடும். ஹிஜாப் அணியும் மாணவியர் சோதனைக்கு நேரம் தேவைப்படும் என்பதால் முன்னதாகவே வந்துவிட வேண்டும். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை அந்த ஆண்டுத் தகவல் குறிப்பேட்டிலும் நுழைவுச்சீட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். உடையில் ஊசி, உலோகப் பொத்தான் எதுவும் வேண்டாம். அந்த நேரத்துக்கேற்ப லுஹர் எங்கே தொழுவது என்பதைப் பெற்றோர் முதல் நாளே மையத்துக்குப் பக்கத்தில் பார்த்து வைத்துவிட்டால், காலையில் அந்தப் பதற்றம் பிள்ளைக்கு இருக்காது. அன்று காலை புதிய பாடம் எதையும் திறக்க விடாதீர்கள். அந்தத் தவறுகள் நோட்டை மட்டும் ஒரு தடவை புரட்டட்டும்.

கடந்த ஆண்டுகளின் நீட் வேதியியல் வினாத்தாள்களும் பொதுத் தேர்வு வினாத்தாள்களும் நமது அலுவலகத்தில் பாடவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. நீக்கப்பட்ட பாடங்களின் கேள்விகளில் கோடு போட்டிருக்கிறோம். அஸருக்குப் பிறகு வந்து உட்கார்ந்து செய்து பார்க்கலாம். நகல் வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். மாணவியருக்குத் தனி அறை உண்டு. பென்சிலும் ஒரு வெற்று நோட்டும் கொண்டு வரவும்.